பூசணத்திற்குப் பரிகாரம் எது?

நமது ஜனங்களுக்கு எந்தக் காரியத்திற்கும் காரணம் கண்டுபிடிப்பதைவிடப் பரிகாரம் கண்டுபிடிப்பதிலேயே அவசரம் அதிகம் என்பது யாவரும் அறிந்த விஷயமாகும். மழை பெய்யாவிட்டால் கழுதைக்குக் கல்யாணம், பிள்ளை பிறக்காவிட்டால் அரசமரம், பிறந்த பிள்ளை அழுதால் மந்திரித்த கயிறு என்பதாக நாம் வைத்திருக்கின்ற பட்டியலில், இப்பொழுது வாஷிங் மெஷின் என்கின்ற சலவை இயந்திரமும் சேர்ந்துவிட்டது என்றால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் நாம் நேரில் கண்ட சங்கதி சிரித்துவிட்டுப் போகக்கூடியதல்ல. ஒரு பெண்ணின் வாழ்வே அதில் சிக்கிக்கொண்டிருந்தது.

2024 ஆம் ஆண்டு நவம்பர் 30ந் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரை கடந்தது. விழுப்புரம் ஜில்லா வெள்ளக்காடாயிற்று. மரக்காணத்து உப்பளங்கள் பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாமல் நீரில் மூழ்கின. மழை விட்ட பின் அரிசியும் போர்வையும் எடுத்துக்கொண்டு சென்ற தோழர்களோடு நாமும் எக்கியார்குப்பத்திற்குப் போயிருந்தோம். அங்கே ஒரு மீனவர் வீட்டுத் திண்ணையில் பத்துப் பேர் கூடி நின்றார்கள். யாருக்கோ உடம்புக்கு ஆகவில்லை போலும் என்று எட்டிப் பார்த்தோம். நடுவில் கிடந்தது நோயாளி அல்ல. ஒரு குவியல் துணி! முடை நாற்றம் தெருவரை வீசிற்று. அதன் மேல் கிடந்த பருத்திப் புடவை முழுவதும் மிளகைத் தூவியதுபோலக் கரும்புள்ளிகள். அது அந்த வீட்டு மருமகளுக்கு ஒரு மாதத்திற்கு முன்பு தலைத் தீபாவளிக்கென்று எடுத்த புடவையாம்.

நடந்தது இதுதான். புயலுக்கு இரண்டு நாள் முந்தி, மருமகள் துணிகளை இயந்திரத்தில் போட்டிருக்கிறாள். துவைத்து முடிந்ததும் இயந்திரம் கூவி அழைத்திருக்கிறது. அப்பொழுது அவள் வெள்ளத்திற்கு அஞ்சி அரிசி மூட்டையையும் பாத்திரங்களையும் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். மாமனார், மாமியார், புருஷன், கொழுந்தன்மார் இருவர் ஆக ஐவரும் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஐவர் காதிலும் அந்தச் சத்தம் விழுந்தது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பிறகு மின்சாரம் நின்றது, காற்று வந்தது, எல்லோரும் பாதுகாப்பு மையத்திற்குப் போனார்கள். ஐந்தாம் நாள் வந்து மூடியைத் திறந்தால் இந்தக் காட்சி.

மாமியார் கிழவி நம்மிடம், "தம்பி, புதுப் புடவையிலே கருப்பு விழுந்தா வூட்டுக்கு ஆகாதுப்பா. இவ வந்த நேரம் புயலும் வந்திச்சி, இதுவும் வந்திச்சி" என்றார். பக்கத்து ஊர்க் குறிசொல்லி ஒருவர் அதற்குள் அழைக்கப்பட்டு, தோஷம் பெண்ணின் ஜாதகத்தில் இருப்பதாகவும், மூவாயிரம் ரூபாயும் ஒரு சேவலும் கொடுத்தால் கழித்துவிடுவதாகவும், அதுவரையில் பெண் தாய்வீட்டில் இருப்பது நலம் என்றும் சொல்லியிருந்தார். அந்தப் பெண்ணோ சுவரோடு ஒட்டிக்கொண்டு தலையைத் தூக்காமல் நின்றாள். குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்குக்கூட ஒரு வக்கீல் உண்டு. அவளுக்கு அதுவும் இல்லை.

துணியில் கருப்பு விழுவதற்கு ஜாதகம் வேண்டியதில்லை. பூசணம் என்பது காளான் இனத்தைச் சேர்ந்த மிக நுண்ணிய உயிர். அதன் வித்துகள் கண்ணுக்குத் தெரியாத தூசாகக் காற்றில் எங்கும் மிதந்துகொண்டிருக்கின்றன. அரண்மனையிலும் இருக்கின்றன, குடிசையிலும் இருக்கின்றன, கோவில் கர்ப்பக்கிருகத்திலும் இருக்கின்றன. அவை முளைப்பதற்கு வேண்டியவை ஈரம், தின்பதற்குக் கொஞ்சம் தீனி, அசையாத காற்று, சிறிது காலம் என்கின்ற நான்குதான். பருத்தி நூலே அதற்குத் தீனி. துணியில் தங்கிய வியர்வையும் எண்ணெயும் சோப்பும் தீனி. வேட்டிக்குப் போடும் கஞ்சியோ அதற்கு விருந்து. ஈரத் துணியைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டால் இரண்டொரு நாளில் முளை விடும். இன்னும் சில நாளில் கரும்புள்ளி கண்ணுக்குத் தெரியும். புள்ளி தெரிவதற்கு முன்னரே நாற்றம் கிளம்புகின்றதே, அது பெரும்பாலும் பாக்டீரியா என்னும் கிருமிகளின் வேலை. 2012 ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஈரத் துணி நாற்றத்திற்கு முக்கியமான காரணம் மொராக்ஸெல்லா ஓஸ்லோயென்சிஸ் என்கின்ற ஒரு கிருமி என்றும், அது துணியில் உண்டாக்கும் ஒருவகை அமிலமே மூக்கைத் துளைக்கின்றது என்றும் கண்டு வெளியிட்டார்கள். அந்தக் கிருமிக்கு மருமகள் யார், மாமியார் யார் என்று தெரியாது. ராகு காலமும் தெரியாது.

எக்கியார்குப்பம் போன்ற கடற்கரை ஊர்களில் மற்றொரு காரணமும் உண்டு. கடல் நீர் பட்ட துணியை நல்ல தண்ணீரில் அலசாமல் உலர்த்தினால் தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு 75க்கு மேல் ஏறினால் உப்பு தானாகவே நீர் கோக்கும் என்பதை உப்பளத்துத் தோழர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அங்கே காற்றே ஈரமானபடியால், உப்பு தங்கிய துணி கொடியில் எத்தனை நாள் தொங்கினாலும் பிசுபிசுப்பு மாறாது. கருவாட்டைக் காப்பாற்றுகின்ற உப்பு துணியைக் காப்பாற்றாதா என்று சிலர் கேட்கலாம். கருவாட்டில் உப்பு மிகுதியாகச் சேர்ந்து மீனிலுள்ள நீரையே வெளியேற்றிவிடுகின்றது. துணியில் தங்குவதோ சிறிதளவு. அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், அவ்வளவே.

இதில் நமக்கு வேடிக்கையாயிருப்பது என்னவென்றால், இந்த ஞானமெல்லாம் அந்த ஊராருக்குப் புதிதல்ல என்பதே. நைலான் வலை வருவதற்கு முன் அவர்களுடைய பாட்டன்மார் பருத்தி வலை வைத்துத் தொழில் செய்தார்கள். ஈர வலையைக் குவித்துப் போட்டால் இற்றுப்போகும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் துவர்ப்புள்ள மரப்பட்டைச் சாற்றில் வலையைத் தோய்த்தார்கள். கரைக்கு வந்ததும் மணலில் விரித்து உலர்த்தினார்கள். வலை இற்றுப்போனால் வெயிலில் போடாதவனைத் திட்டினார்களே தவிர, வலைக்கு ஜாதகம் பார்த்தார்களா என்று கேட்கின்றோம். அப்படியே உப்பளத்தில் கடல் நீரை உப்பாக்குவது வெயிலும் காற்றுமா அல்லது மந்திரமா? தொழிலில் இவ்வளவு பகுத்தறிவு உள்ள மனிதன், வீட்டு வாசற்படி ஏறியதும் அதைச் செருப்போடு வெளியே கழற்றி வைத்துவிடுவானேன்? காரணம் வெகு சுலபம். வலை விஷயத்தில் தவறினால் நஷ்டம் ஆணுக்கு. துணி விஷயத்தில் தவறினால் பழி பெண்ணுக்கு. தனக்கு நஷ்டம் வருகின்ற இடத்தில் புத்தியை உபயோகிக்கின்றான்; பிறருக்குப் பழி போகின்ற இடத்தில் பஞ்சாங்கத்தை உபயோகிக்கின்றான்.

பூசணம் உலகத்தில் நமக்கு மாத்திரம் பூக்கவில்லை. 1928 ஆம் ஆண்டில் லண்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் என்னும் டாக்டர், தாம் கிருமி வளர்த்து வைத்திருந்த கண்ணாடித் தட்டில் பூசணம் பூத்திருப்பதைக் கண்டார். அவர் தட்டுக்குத் தோஷம் கழிக்கவில்லை. அன்று ஆய்வுச்சாலைக்குள் முதலில் நுழைந்த பெண் யார் என்றும் விசாரிக்கவில்லை. பூசணத்தைச் சுற்றியிருந்த கிருமிகள் மாத்திரம் ஏன் அழிந்துபோயிருக்கின்றன என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியிலிருந்து பெனிசிலின் பிறந்தது. கோடிக்கணக்கான உயிர்கள் பிழைத்தன. 1945 ஆம் ஆண்டில் அவருக்கும் அம்மருந்தை உருவாக்கிய ஃபுளோரி, செயின் என்ற இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நாமோ பூசணத்தைக் கண்டு ‘ஏன்’ என்று கேட்பதற்குப் பதிலாக ‘யாரால்’ என்று கேட்கின்றோம். ‘ஏன்’ என்று கேட்டவனுக்கு மருந்து கிடைத்தது. ‘யாரால்’ என்று கேட்கின்றவனுக்கு அடிக்க ஒரு முதுகு கிடைக்கின்றது.

நிற்க, இந்தப் பூசணத்திற்கு உண்மையான பரிகாரத்தை நம் நாட்டில் நன்றாக அறிந்திருந்தவர்கள் ஒரு கூட்டத்தார் உண்டு. அவர்கள்தான் வண்ணார்கள். உவர்மண்ணில் துணியை முக்கி, வெள்ளாவிப் பானையில் ஏற்றி, நீராவியில் அவித்து, ஆற்றில் அலசி, வெயிலில் விரித்தார்கள். காரம், கொதிசூடு, நிறைய நீர், நல்ல வெயில் என்கின்ற இந்த நான்கைத்தான் இன்றைய விஞ்ஞானமும் வேறு பெயரில் சொல்லுகின்றது. இவ்வளவு தெரிந்தவர்களை நமது ஜாதி தர்மம் எங்கே வைத்தது? தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களின் துணியை வெளுத்த புதிரை வண்ணார்களைப் பகலில் கண்ணால் கண்டாலே தீட்டு என்று சொல்லி, இரவில் மட்டும் நடமாட வைத்திருந்த கொடுமை, திருநெல்வேலிச் சீமையைப் பற்றி 1930களில் எழுதப்பட்ட பதிவுகளில் காணப்படுகின்றது. அவர்களுக்கென்று ஒரு நலவாரியம் தமிழ்நாட்டில் ஏற்படுவதற்கு 2009 ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. அழுக்கைப் போக்கினவன் அசுத்தன், அழுக்காக்கினவன் சுத்தன் என்கின்ற நியாயம் உலகத்தில் வேறெங்கேனும் உண்டா?

அதே சமயத்தில் ‘மடி’ என்று ஒரு சாஸ்திரம் இருப்பதைப் பாருங்கள். துணி சுத்தமாய் இருக்கின்றதா என்பதல்ல அங்கே கேள்வி. பிறர் கை பட்டதா என்பதே கேள்வி. மழைக்காலத்தில் உலராத ஈரப்புடவையைச் சுற்றிக்கொண்டு நடுங்கினால் அது மடியாம். நன்றாய் வெளுத்து வெயிலில் உலர்ந்த துணியை ஒரு குழந்தை ஓடிவந்து தொட்டுவிட்டால் அது விழுப்பாம். பூசணம் பூத்தால் போகாத சுத்தம் குழந்தை தொட்டால் போய்விடும் என்றால், அந்தச் சுத்தத்திற்கும் சோப்புக்கும் என்ன சம்பந்தம்?

இதைவிடக் கொடுமை, வீட்டு விலக்கென்று நாம் பெண்களை ஒதுக்கிவைக்கும் நாட்களில் அவர்கள் உபயோகிக்கும் துணியின் கதி. ஆண் கண்ணில் படக்கூடாது, சாமி கண்ணில் படக்கூடாது, வெயிலின் கண்ணிலும் படக்கூடாது என்பதாக அதைப் புடவைக்கு அடியிலும் கூரைச் செருகலிலும் ஒளித்து உலர்த்தச் செய்கின்றோம். இருட்டு, ஈரம், அசையாத காற்று! பூசணம் கேட்கின்ற எல்லாவற்றையும் நாமே தேடிக் கொடுத்து, பிறகு அந்தத் துணியையே அவள் உடம்பில் வைக்கச் சொல்லுகின்றோம். ஒடிசா மாகாணத்து ஆஸ்பத்திரிகளில் நடந்து 2018 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி, அத்துணியைத் திரும்பத் திரும்ப உபயோகிக்கும் பெண்களில், அதை வீட்டுக்குள்ளேயே உலர்த்தி மறைவில் வைக்கின்றவர்களிடம் காளான் வகைத் தொற்று அதிகம் காணப்படுகின்றது என்று காட்டுகின்றது. தலைத் தீபாவளிப் புடவையில் விழுந்த புள்ளிக்கு ஊரே கூடுகின்றது. பெண்ணின் உடம்பில் பற்றுகின்ற பூசணத்திற்கு ஒருவரும் கூடுவதில்லை. ஏனெனில் அதைப் பேசுவதே வெட்கமாம். வெட்கப்படவேண்டியது துணியை வெயிலில் போடுகின்ற பெண்ணா, போடவிடாத சமூகமா?

இப்பொழுது அந்தத் திண்ணைக்குத் திரும்புவோம். இயந்திரம் கூவியபொழுது அந்த வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். காது ஆறு பேருக்கும் இருந்தது. கை ஆறு பேருக்கும் இருந்தது. எழுந்திருக்கவேண்டிய கடமை மாத்திரம் ஒருத்திக்கு இருந்தது! படகைக் கரையேற்றிவிட்டு ஆண்கள் களைத்து வந்தார்கள் என்றார்கள். உண்மைதான், அவளும் மூட்டை தூக்கிக்கொண்டுதானே இருந்தாள்? இந்திய சர்க்கார் 2019 ஆம் ஆண்டில் எடுத்த கணக்கின்படி, கூலியில்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்கின்ற பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம் செலவிடுகின்றார்கள்; செய்கின்ற ஆண்கள் 97 நிமிஷம். அதிலும் ஆண்களில் நாலில் ஒருவர்தான் செய்கின்றவர்! 2021 ஆம் ஆண்டுத் தேர்தலில் அ.இ.அ.தி.மு.க. குடும்பங்களுக்கு இலவசமாக வாஷிங் மெஷின் தருவதாக வாக்குறுதி கொடுத்தது. ஜெயிக்காததால் அது கைக்கு வரவில்லை. இயந்திரம் கொடுப்பதற்குக் கட்சி உண்டு. அதன் மூடியைத் திறந்து துணியை எடுத்து உதறிப்போட ஆண்பிள்ளைக்குப் புத்தி கொடுக்கத்தான் கட்சியைக் காணோம். 1929 ஆம் ஆண்டில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாட்டில் பெண்களுக்கு ஆண்களைப்போலச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தோம். சொத்தில் சமபாகம் கேட்ட இயக்கத்தார் சலவையில் சமபாகம் எடுத்துக்கொள்ளாவிட்டால், அந்தத் தீர்மானம் மேடையில் மாத்திரம் உலர்ந்துகொண்டிருக்கும்.

அந்தத் துணியை என்ன செய்தோம் என்று வாசகர்கள் கேட்பார்கள். குறிசொல்லியின் பரிகாரத்திற்குப் பதிலாக நாம் செய்த பரிகாரம் இது, யாரும் செய்யலாம்.

முதலாவது, பூசணத் துணியை வீட்டுக்குள் உதறக்கூடாது. மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு வெளியே எடுத்து, உலர்ந்த பூசணத்தைப் பிரஷால் தட்டவேண்டும். அதை நல்ல துணியோடு சேர்க்கவும் கூடாது.

இரண்டாவது, நாற்றம் மாத்திரம் உள்ள பருத்தித் துணியானால், கை பொறுக்காத வெந்நீரில் சலவைச் சோடாவும் சோப்புத்தூளும் போட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்து, மறுபடி துவைத்து, அன்றைக்கே வெயிலில் விரிக்கவேண்டும். வெறும் வாசனைத் திரவத்தை ஊற்றினால் நாற்றம் ஒளியுமே தவிர ஒழியாது.

மூன்றாவது, புள்ளி விழுந்த வெள்ளைப் பருத்திக்குப் புட்டியில் குறித்துள்ள அளவில் பிளீச்சிங் திரவத்தை நீரில் கலந்து உபயோகிக்கலாம். சாயத் துணிக்கு அது ஆகாது; எலுமிச்சம் பழச்சாறும் உப்பும் தடவி வெயிலில் வைக்கலாம், அல்லது ஆக்ஸிஜன் வெளுப்புத் தூளில் ஊறவைக்கலாம். எதுவானாலும் முந்தானையின் ஓரத்தில் சிறிது சோதித்துப் பார்த்து, பிறகு உப்பும் காரமும் தங்காமல் நல்ல நீரில் அலசவேண்டும். பிளீச்சிங் சரக்கோடு எலுமிச்சையோ வினிகரோ ஒருபோதும் சேரக்கூடாது. சேர்ந்தால் கிளம்புவது குளோரின் என்னும் நச்சு வாயு. பட்டுக்கும் கம்பளிக்கும் கொதிநீரும் சோடாவும் பிளீச்சிங்கும் ஆகா.

நான்காவது, இழுத்தால் கிழிகின்ற அளவு நூல் இற்றிருந்தால் அந்தத் துணியைக் காப்பாற்ற முடியாது. தூக்கி எறிய வேண்டியதுதான். எல்லாம் சரியாகும் என்று சொல்லுவதற்கு நாம் குறிசொல்லி அல்ல.

ஐந்தாவது, இயந்திரத்திற்கும் வைத்தியம் வேண்டும். கதவு ஓரத்து ரப்பர் மடிப்பிலும் சோப்பு போடுகின்ற இழுப்பறையிலும் படிந்த வழுவழுப்பைத் துடைத்து, துணி இல்லாமல் வெந்நீரில் ஒருதரம் ஓடவிட்டு, ஓய்வு நேரத்தில் கதவைத் திறந்து வைக்கவேண்டும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அவர்கள் உள்ளே நுழையாதபடி கவனிப்பதும் அவசியம். அளவுக்கு மேல் சோப்புத்தூள் போட்டால் சுத்தம் அதிகமாகும் என்பதும் ஒரு மூடநம்பிக்கையே. அலசிப் போகாத சோப்பு கிருமிக்குத் தீனி.

இந்தப்படி அந்தத் திண்ணையிலேயே அடுப்பு மூட்டி வெந்நீர் வைத்தோம். தண்ணீர் தூக்கியது அந்தப் பெண்ணின் புருஷன். புடவையை அலசியது மூத்த கொழுந்தன். ஊர் வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டோம். மறுநாளும் அதற்கு மறுநாளும் வெயில் காய்ந்தது. வேட்டி ஒன்று இற்றுப்போய்விட்டது. புடவையில் மடிப்போரமாய் இரண்டு மங்கலான கறை நின்றதைத் தவிர மற்றதெல்லாம் போயிற்று. கிழவி புடவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சோடாவுக்கே போயிடுச்சின்னா அது தோஷமா இருக்காதுல்ல" என்றார். நாம் மணிக்கணக்காய்ச் சொல்லியிருக்கக்கூடிய பிரசங்கத்தை அந்த அம்மையார் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ஆகவே தோழர்களே, உங்கள் வீட்டில் இயந்திரம் கூவினாலும் சரி, இயந்திரம் இல்லாமல் வாளியில் துணி கிடந்தாலும் சரி, கூப்பிட்டது யாரை என்று காத்திராதீர்கள். காதில் விழுந்தவர் எழுந்திருங்கள். எதையும், முக்கியமாய் வெட்கமென்று ஒளிக்கப்படுகின்ற துணியை, வெளிச்சத்தில் போடுங்கள். போடுகின்ற பெண்ணுக்குத் துணையாய் நில்லுங்கள். துணியானாலும் கருத்தானாலும் மூடி வைத்தது பூசணம் பூக்கும், விரித்துப் போட்டது உலரும்.

அந்த மருமகள் தாய்வீட்டுக்குப் போகவில்லை. மூவாயிரம் ரூபாய் செலவாகவில்லை. சேவலும் எக்கியார்குப்பத்தில் தினமும் விடியற்காலையில் கூவிக்கொண்டிருப்பதாகத் தோழர்கள் சொல்லுகின்றார்கள்.